சுவர் நனைந்தபின் திரும்பிப் பார்ப்பவர் யார்?

மழைநீர் ஒரு சுவருக்குள் நுழைய மூன்று வேண்டும்: சுவர்மேல் தண்ணீர், ஒரு திறப்பு, தண்ணீரை அந்தத் திறப்பு வழியே உள்ளே தள்ளும் விசை. மூன்றில் ஒன்றை விலக்கினாலும் கசிவு நின்றுவிடும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஜி. கே. கார்டன் 1963இல் சில பக்கங்களில் இதை எழுதினார். கட்டுநர் எவரும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய நடை. விலையே இல்லை எனும் அளவு மலிவு. அதே நாட்டின் மேற்குக் கரையில், வான்கூவரிலும் சுற்றுப்புறங்களிலும், 1980களிலும் 90களிலும் எழுந்த அடுக்குமாடி வீடுகளில் ஆயிரக்கணக்கானவை நனைந்தன. பூச்சுக்குப் பின்னால் மரச்சட்டங்கள் உளுத்துப்போயின. பழுதுபார்த்த செலவு சுமார் 400 கோடி கனடிய டாலர் என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது.

கூரை, வெளிச்சுவர், ஜன்னல், தரையடி என்று வெளியையும் உள்ளையும் பிரிக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டட உறை என்கிறார்கள். வெப்பம், காற்று, ஈரம் ஆகிய மூன்றும் அதன் வழியே எப்படி நகர்கின்றன என்று படிப்பது கட்டட அறிவியல். இந்தத் துறை தோன்றிய நாள்முதல் ஒரு கேள்வி அதை விடாமல் தொடர்கிறது. ஆய்வாளருக்குத் தெரிந்தது கட்டுகிறவருக்கு ஏன் போய்ச் சேருவதில்லை? எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள் சிலர். சட்டமாக்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். கட்டிக் காட்டு என்றும், ஒரே மேசையில் உட்கார வை என்றும் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு விடைக்கும் சான்று உண்டு, ஓட்டையும் உண்டு. ஆனால் கேள்வியே பாதிதான் கேட்கப்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. ஆய்வகத்திலிருந்து தளத்துக்குப் போகும் பாதையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தளத்திலிருந்து திரும்பி வரும் பாதைதான் அதைவிட அதிகம் அடைபட்டுக் கிடக்கிறது என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

எழுதிக் கொடுத்தால் போதுமா

முதல் விடையை மிக நேர்த்தியாகச் செயல்படுத்தியது கனடாதான். தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் கட்டட ஆராய்ச்சிப் பிரிவு 1947இல் ராபர்ட் லெக்கெட் தலைமையில் தொடங்கியது. 1960 முதல் 1990 வரை அது வெளியிட்ட ‘கனடியன் பில்டிங் டைஜஸ்ட்’ வரிசையில் ஏறத்தாழ 250 சிற்றேடுகள் வந்தன. கார்டனின் மழைநீர்க் கட்டுரை அவற்றில் ஒன்று. வெளிச்சுவர் ஒன்று நிறைவேற்ற வேண்டிய பணிகளை வரிசைப்படுத்தி நீல் ஹட்சியான் அதே ஆண்டு எழுதியது இன்னொன்று. வெப்பத்தை, காற்றை, நீராவியை, மழையை, தீயை, ஓசையைச் சுவர் கட்டுப்படுத்த வேண்டும், அதே நேரத்தில் உறுதியாகவும் நீடித்தும் நிற்க வேண்டும் என்ற அந்தப் பட்டியலை இன்றைய பாடநூல்களும் பெரிதாகத் தாண்டிவிடவில்லை. இந்தியாவிலும் அதே 1947இல் வேர்கொண்ட ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதே பாணியில் சிற்றேடுகள் வெளியிட்டது.

இவ்வளவும் எழுதியபின் வான்கூவர் ஏன் நனைந்தது? படிக்காதவர்கள் மேல் பழிபோடுவது எளிது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் கார்டன் எழுதிய சூழலை மறந்துவிடக் கூடாது. அவருடைய காலத்துக் கவலை பெரும்பாலும் உயரமான கட்டடங்களின் பலகைச் சுவர்களைப் பற்றியது. வான்கூவரில் உளுத்தவை மூன்று நான்கு மாடி மரச்சட்ட வீடுகள். மெடிட்டரேனியன் தோற்றத்துக்காக இறவாணத்தை வெட்டினார்கள்; சுவர்முகத்திலேயே தண்ணீரை நிறுத்திவிடலாம் என்று நம்பிச் சிமென்ட் பூச்சு பூசினார்கள்; பலகைக்குப் பதில் மரச்சில்லுத் தகடு வந்தது; உட்புறம் பாலித்தீன் தாள் வந்தது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நான்கும் ஒரே சுவரில், ஈரம் மிகுந்த ஒரு கடற்கரையில் சேர்ந்தபோது, உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போயிற்று. இந்தச் சேர்க்கையைப் பற்றி எந்தச் சிற்றேடும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. சேர்த்தவர்கள் தளத்தில் இருந்தார்கள். எழுதியவர்கள் ஒட்டாவாவில் இருந்தார்கள். முதல் சுவர்கள் உளுக்கத் தொடங்கியபோது அந்தச் செய்தியை ஒட்டாவாவுக்கு எடுத்துச் செல்லும் கடமை யாருக்கும் இல்லை.

பெயின்டர்களின் புகார்

இரண்டாவது விடை சட்டம். கட்டுநர் படிக்காவிட்டாலும் விதி அவரைக் கட்டுப்படுத்தும் என்ற நம்பிக்கை. இதன் வலிமையும் ஆபத்தும் ஒருசேரத் தெரியும் வரலாறு நீராவித் தடுப்பினுடையது. கட்டட ஆய்வாளர் வில்லியம் ரோஸ் இதைப் பழைய ஆவணங்களிலிருந்து விரிவாக மீட்டெடுத்திருக்கிறார்.

1930களில் அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் மரவீட்டுச் சுவர்களின் வெற்றிடத்தில் வெப்பக்காப்புப் பொருளை நிரப்பத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் வெளிப்புறப் பெயின்ட் உரியலாயிற்று. வெப்பக்காப்புப் போட்ட வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மாட்டோம் என்று பெயின்டர்கள் மறுக்கும் நிலை வந்தது. காப்புப் பொருள் சுவருக்குள் தண்ணீரை இழுக்கிறது என்பது அவர்கள் புகார். காப்புப் பொருள் உற்பத்தியாளர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ரௌலியும் மாடிசனிலிருந்த வனப்பொருள் ஆய்வகமும் சோதனைகள் செய்தன. வீட்டுக்குள்ளிருக்கும் நீராவி குளிர்ந்த சுவருக்குள் ஊடுருவி அங்கே நீராகப் படிகிறது என்பதும், ஆகவே சுவரின் சூடான உட்பக்கத்தில் நீராவித் தடுப்பு வேண்டும் என்பதும் முடிவு. 1942இல் ஃபெடரல் வீட்டுவசதி நிர்வாகத்தின் தேவைப்பட்டியலில் இது ஏறியது. கூரையடிப் பரப்பில் 300இல் ஒரு பங்கு காற்றோட்டத் திறப்பு வேண்டும் என்ற விகிதமும் அப்போது ஏறியதுதான். அந்த 300க்குப் பின்னால் இருந்த சோதனைச் சான்று மிக மெலிது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எண் மட்டும் அமெரிக்க விதிநூல்களில் எண்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறது.

ரௌலியின் இயற்பியல் தவறு என்று சொல்ல முடியாது. கடுங்குளிரில் நீராவி வெளிநோக்கித்தான் நகரும். தவறவிட்டது வேறு. வெப்பக்காப்புப் போட்டதும் வீட்டின் சூடு வெளிப்பலகையை எட்டுவதில்லை. பலகை குளிர்ந்து கிடக்கிறது. மழையில் நனைந்தால் காய நெடுநேரம் ஆகிறது. பெயின்ட் உரிவதில் இதற்கும் பங்கு உண்டு. அதாவது, காப்பு போட்டபின் பலகை ஈரமாகவே இருக்கிறது என்ற பெயின்டர்களின் பார்வை சரி. அவர்கள் சொன்ன காரணம்தான் முழுமையாகச் சரியில்லை. ஆய்வகம் காரணத்தைத் திருத்தும் வேகத்தில் பார்வையையும் ஒதுக்கிவிட்டது. காற்று ஓட்டைகள் வழியே கசியும்போது தன்னோடு சுமந்து செல்லும் ஈரம், பொருளின் ஊடாக மெல்லப் பரவும் ஈரத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை உறுதியாகச் சொல்லவும் இன்னும் சில பத்தாண்டுகள் பிடித்தன. அதற்குள் விதி இறுகிவிட்டது.

விதி இல்லாவிட்டால் இதைவிட மோசமாகியிருக்குமே என்று கேட்கலாம். கேட்கத்தக்க மறுப்புதான். வான்கூவர் பேரிடருக்குப் பின் மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998இல் அமைந்த விசாரணை ஆணையமும் சட்டத்தைத்தான் நாடியது. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் புதுவீட்டுக்கு உத்தரவாதம் கட்டாயமாயிற்று: வேலைக்கும் பொருளுக்கும் 2 ஆண்டு, கட்டட உறைக்கு 5 ஆண்டு, கட்டமைப்புக்கு 10 ஆண்டு. இது நல்ல சட்டம் என்றே கருத இடமிருக்கிறது. காரணம், இப்படிக் கட்டு என்று சொல்வதோடு நில்லாமல், கட்டியது என்னவாயிற்று என்று ஐந்தாண்டு கவலைப்படப் பணம் போட்ட ஒருவரை அது உருவாக்கியது. 1942இன் விதி அப்படி யாரையும் உருவாக்கவில்லை.

ஆனாலும் சட்டத்தின் எல்லை நாட்டின் எல்லைதான். பாரெட் ஆணையம் அமர்ந்த அதே 1998இல் நியூசிலாந்து, பூஞ்சைக்காப்பு மருந்தேற்றாத பைன் மரத்தைச் சுவர்ச்சட்டங்களுக்கு அனுமதித்தது. கடற்கரை ஈரமும், இறவாணமில்லா வடிவமும், சுவரோடு ஒட்டிய பூச்சும் அங்கும் உண்டு. 2002இல் அங்கே கசியும் வீடுகளைப் பற்றிய ஹன் அறிக்கை வந்தபோது நிலைமை கைமீறியிருந்தது. அரசுக்காக 2009இல் செய்யப்பட்ட மதிப்பீடு, பாதிக்கப்பட்ட வீடுகள் சுமார் 42,000 என்றும் செலவு 1,130 கோடி நியூசிலாந்து டாலர் என்றும் கூறியது.

ஒரு விசிறி, ஓர் எண்

மூன்றாவது விடை, கட்டிக் காட்டுவது. 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் சஸ்காச்சுவான் சேமிப்பு வீடு எழுந்தது. ஹரால்ட் ஓர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வெப்பக்காப்பும், காற்றுப்புகா உறையும், வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்கு ஏற்றும் கருவியும் வைத்து, உலை இல்லாமலே அந்தக் கொடுங்குளிரைத் தாங்கும் வீட்டைக் கட்டினார்கள். பலரும் வேடிக்கை பார்க்க வந்த சூரியவெப்ப அமைப்பு தொல்லை தந்து பின்னர் அகற்றப்பட்டது. யார் கண்ணுக்கும் படாத சுவர்தான் வென்றது. அதிலிருந்து கனடாவின் ஆர்-2000 திட்டமும், ஜெர்மனியில் வோல்ஃப்காங் ஃபைஸ்டும் ஸ்வீடனின் பூ ஆடம்சனும் வகுத்த பாசிவ் ஹவுஸ் தரமும் பாடம் பெற்றன. டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஷ்டைனில் 1991இல் மக்கள் குடியேறிய வரிசை வீடுகள் பாசிவ் ஹவுஸின் முதல் சான்று.

மாதிரி வீடுகளுக்கு ஒரு பொதுவான குறை உண்டு. அவற்றைக் கட்டுபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஆர்வமுள்ளவர்கள், பக்கத்திலேயே விஞ்ஞானி நிற்கிறார். சாதாரண ஒப்பந்ததாரரின் அவசரத்தில் அதே சுவர் அதே விதமாக வருமா என்பதற்கு மாதிரி வீடு விடை சொல்லாது. ஆனால் இந்த வழியிலிருந்து, வீடுகளைவிட நீண்டகாலப் பயன் தந்த ஒன்று பிறந்தது: கதவுச்சட்டத்தில் பொருத்தும் அழுத்த விசிறி. வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, எவ்வளவு காற்று கசிகிறது என்று அளக்கும் கருவி அது. பாசிவ் ஹவுஸ் தரப்படி அந்த அழுத்தத்தில் மணிக்கு 0.6 தடவைக்கு மேல் வீட்டுக் காற்று மாறக்கூடாது. இந்த எண் அன்று மாலையே தளத்தில் தெரிந்துவிடும். தச்சர், மின்பணியாளர், மேற்பார்வையாளர் எல்லோரும் இருக்கும்போதே தெரியும். எந்த மூலையில் புகை நெளிகிறது என்று கையால் தொட்டுக் காட்டலாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் 1970களில் வேலைசெய்தபோது, கூரையடி வழியே போன வெப்பம் கணக்குச் சொன்னதைவிடப் பல மடங்கு இருந்தது. சுவர்களுக்கிடையே வீட்டின் உள்ளிருந்து கூரையடிக்குத் திறந்துகிடந்த மறைவான இடைவெளிகளே காரணம். வரைபடத்தில் அந்த இடைவெளிகள் கிடையாது. தளத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அவை கிடைத்தன. அதன்பின் கணக்கும் மாறியது. திரும்பும் பாதை திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

இதற்கும் ஒரு மறுப்பு இருக்கிறது. காற்றுக்கசிவை ஒரு மாலையில் அளக்கலாம். சுவர் உளுப்பதை எந்த விசிறியும் அளக்காது. மழை புகுந்து மரம் கெட மூன்று ஆண்டு ஆகலாம், பதினைந்தும் ஆகலாம். அதற்குள் கட்டியவர் வேறு ஊருக்குப் போயிருப்பார், அவருடைய கம்பெனி கலைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நிறுவனம் பதிவுசெய்து, முடிந்ததும் மூடிவிடும் வழக்கம் வான்கூவரில் இழப்பீட்டை எட்டாக்கனியாக்கியது. எண் உடனே கிடைக்கும் இடங்களில் அறிவு ஓடுகிறது, தாமதமாகும் இடங்களில் தேங்குகிறது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லலாம்.

ஒரே மேசை

நான்காவது விடைக்கு நிறுவன வடிவம் கொடுத்தது அமெரிக்கா. நாடாளுமன்றச் சட்டத்தால் 1974இல் உருவான தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம், 1982இல் கட்டட உறைக்கென ஒரு குழுவை அமைத்தது. 2004இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தோடு சேர்ந்து நகரங்கள்தோறும் கட்டட உறை கவுன்சில்களைத் தொடங்கியது. கனடாவில் முன்பே இயங்கிய கவுன்சில்கள் அதற்கு முன்மாதிரி. கட்டடக்கலைஞர், உறைப் பொறியாளர், ஒப்பந்ததாரர், பொருள் விற்பவர், பேராசிரியர் எல்லோரும் மாதம் ஒருமுறை ஓர் அறையில் கூடினார்கள். ஆய்வுக்கட்டுரையையும் தள அனுபவத்தையும் ஒரே அரங்கில் வைக்கும் தேசிய மாநாடு 2008இல் மினியாபொலிஸில் தொடங்கியது.

இந்த முயற்சிகளால் பயன் இல்லை என்று சொல்ல ஆதாரமில்லை. எவ்வளவு பயன் என்று அளக்கவும் எளிய வழியில்லை. ஒரு கூட்டத்தில் எது பேசப்படும் என்பதை, எதைப் பேசலாம் என்பது தீர்மானிக்கிறது. பிழைத்த சுவரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நனைந்த சுவர் வழக்கில் இருக்கும். சமரசமானாலும், வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு முடிவது வழக்கம். அந்தக் கோப்பில்தான் திறந்து பார்த்த சுவரின் படங்களும் ஈர அளவுகளும் இருக்கின்றன. அதைத் தயாரித்த உறைப் பொறியாளர் அடுத்த திட்டத்தில் அதே தவறைத் தவிர்ப்பார். பக்கத்து நகரத்துப் பொறியாளருக்கு அது கிடைக்காது. அறிவு இருக்கிறது, ஆனால் தனிச்சொத்தாக இருக்கிறது.

இதை உடைத்த முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது பிரிட்டனின் ‘புரோப்’. பில் போர்டாஸும் ஏட்ரியன் லீமனும் முன்னின்ற அந்த ஆய்வுத்தொடர் 1995 முதல் 2002 வரை, மக்கள் குடியேறிய சுமார் 20 கட்டடங்களுக்குத் திரும்பிப் போய், பெயரைச் சொல்லியே முடிவுகளைத் தொழில்முறைப் பத்திரிகையில் வெளியிட்டது. பல கட்டடங்கள் வடிவமைப்பில் சொன்னதைவிட மிக அதிக ஆற்றலைச் செலவழித்தன. கட்டட உரிமையாளர்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்று வியப்பு வரலாம். சில்லறைக் குறைகளோடு சிறப்பும் சொல்லப்பட்டது, பழி சுமத்தப்படவில்லை என்பது ஒரு விளக்கம். பரிசு வாங்கிய கட்டடங்கள் பல அதில் இருந்ததும் உதவியிருக்கும். நிதி நின்றதும் தொடரும் நின்றது. திரும்பிப் பார்ப்பது யாருடைய கட்டணத்திலும் சேராத வேலை.

நெருக்கத்தின் விலை

இதுவரை சொன்னவற்றில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஆய்வும் தொழிலும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு நல்லது என்பது. அதை 2017 ஜூன் 14ஆம் தேதி லண்டனில் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரத் தீ கேள்விக்குள்ளாக்குகிறது. தீயை மேலே மேலே ஏற்றியது புதிதாகப் போட்ட வெளிப்போர்வை: பாலித்தீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடு. தகட்டுக்குப் பின்னால் காற்றிடைவெளி விட்டு மழையைத் தடுக்கும் அந்த அமைப்பு, கார்டன் விளக்கிய கொள்கையின் வழித்தோன்றல்தான் என்பது கசப்பான உண்மை. 2024 செப்டம்பரில் வெளியான விசாரணையின் இறுதி அறிக்கை சொல்வது இதைவிடக் கசப்பானது. அத்தகைய தகடு பயங்கரமாக எரியும் என்பது அரசு செய்வித்த ஒரு சோதனையில் 2001லேயே தெரிந்திருந்தது. முடிவு வெளியிடப்படவில்லை, விதியும் இறுக்கப்படவில்லை.

சோதனை செய்த கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒருகாலத்தில் அரசு அமைப்பு. 1997இல் அது தனியார்மயமானது. அதன்பின் அதன் வருமானத்தில் ஒரு பகுதி, பொருள் உற்பத்தியாளர்கள் தரும் சோதனைக் கட்டணம். விசாரணை அறிக்கை அந்த நிறுவனத்தையும் உற்பத்தியாளர்களையும் கடுமையாகக் குறை கூறியது. இங்கே ஆய்வகத்துக்கும் தொழிலுக்கும் இடையே தொடர்பு இல்லாமலில்லை. மிக நன்றாகவே இருந்தது. 1930களின் நீராவி ஆய்வுகளுக்கும் காப்புப் பொருள் தொழிலின் அக்கறை பின்னால் இருந்ததை இதோடு சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ஒன்றில் கோணம் குறுகியது, மற்றதில் உண்மை மறைக்கப்பட்டது. ஆனாலும் யாரோடு யாரை இணைக்கிறோம், யார் பணத்தில், முடிவை யார் வெளியிடுவார் என்ற மூன்றையும் விட்டுவிட்டு இணைப்பை மட்டும் புகழ்வதில் பொருளில்லை.

வெப்பக் கடற்கரையில்

குளிர்நாட்டில் பிறந்த இந்த அறிவியல் தெற்கே வரும்போது ஓர் அடிப்படைக் கணக்கு தலைகீழாகிறது. வெளியே புழுக்கம், உள்ளே ஏசி என்றால் நீராவி வெளியிலிருந்து உள்நோக்கி நகரும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோர ஹோட்டல்களில் வினைல் சுவர்த்தாளுக்குப் பின்னால் பூசணம் பிடித்தது இதனால்தான்: மினசோட்டாவுக்குச் சரியான பக்கம் ஃபுளோரிடாவுக்குத் தவறான பக்கம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் எல்லாம் இந்தக் கணக்கில் ஃபுளோரிடாவோடு சேர்ந்தவை.

இங்குள்ள சுவர் மரச்சட்டம் அல்ல, செங்கல்லும் கான்கிரீட்டும். உளுக்காது, ஆனால் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், பட்டி பொரியும். 2018இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற இந்திய ஆற்றல் விதி, குடியிருப்புகளின் உறை வழியே உள்வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற வரம்பைக் குளிர்ப்பகுதி தவிர்த்த நாடு முழுமைக்கும் வைத்தது. வெப்பம், வெளிச்சம், காற்றோட்டம் ஆகியவற்றை எண்ணும் அந்த விதியில், சுவருக்குள் ஈரம் எப்படி நகரும் என்ற கணக்கு இல்லை. ஜன்னலைத் திறந்து வாழ்ந்த காலத்தில் அது பெரிய குறையாக இருந்திராது. அதே சுவருக்குள் இப்போது மூடிய ஏசி அறை இருக்கிறது. தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி கொட்டி, மேலே தட்டோடு பதிக்கும் மெட்ராஸ் டெரஸை அறிந்த கொத்தனார்களிடம் மழையையும் வெயிலையும் ஒருசேரத் தாங்கும் கூரை பற்றிய நுணுக்கம் இருந்தது. அதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஒழுகிய டெரஸ்களும் உண்டு. எந்த டெரஸ் ஏன் ஒழுகியது, எது ஏன் நூறாண்டு நின்றது என்று அந்தக் கைகளிடம் முறையாகக் கேட்டுப் பதிவுசெய்த வேலை இங்கே மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

தீராதவை

திரும்பும் பாதைதான் சிக்கல் என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. கிரென்ஃபெல்லில் எரிந்த தகட்டைப் பற்றிய சான்று ஆய்வகத்தில்தான் பூட்டிக் கிடந்தது. நியூசிலாந்துக்குக் கனடாவின் பாடமும் எட்டவில்லை. ஆகவே முன்னோக்கிய பாதை சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. திரும்பும் பாதை மூடியிருக்கும்போது முன்னோக்கிய பாதையில் என்ன அனுப்பினாலும் அது பழைய சுவருக்கான விடையாகவே போய்ச் சேருகிறது என்பது வரைதான் சான்றுகள் நம்மை அழைத்துச் செல்கின்றன.

அங்கிருந்து மேலே சில கேள்விகள் திறந்தே நிற்கின்றன. பிரிட்டனில் கட்டமைப்புப் பாதுகாப்புக்காக, பெயர் வெளியிடாமல் பொறியாளர்கள் குறைகளைத் தெரிவிக்கும் ஏற்பாடு 2005 முதல் இயங்குகிறது. உயிராபத்து இல்லாத மழைக்கசிவுக்கும் அப்படியொன்று தாக்குப்பிடிக்குமா? உயிர் போகும் என்ற அச்சம் இல்லாதபோது, நேரம் செலவழித்து எழுதுபவர் யார்? உத்தரவாதக் காப்பீட்டாளரிடம் சேரும் பழுதுக் கோப்புகள் பொதுவுக்கு வர வேண்டும் என்று சட்டம் சொன்னால், காப்பீட்டாளர் கோப்பே எழுதாமல் விட்டுவிடுவாரா? சுவருக்குள் ஈரமானிகளைப் புதைத்து ஆண்டுக்கணக்கில் அளப்பது இன்று மலிவாகிவிட்டது. காற்றுக்கசிவுக்கு அழுத்த விசிறி செய்ததை, மெதுவாக உளுக்கும் சுவருக்கு இவை செய்யக்கூடும். ஆனால் அளவீடு யாருடையது? வீடு விற்கும் நாளில் சுவர் ஈரமாக இருப்பதைச் சொல்லும் கருவியை எந்த உரிமையாளர் தன் செலவில் பொருத்துவார்? இவற்றுக்கெல்லாம் இயற்பியலில் விடையில்லை. கட்டணப் பட்டியலிலும் ஒப்பந்த வாசகங்களிலும் தேட வேண்டிய விடைகள் அவை; அந்தத் திசையில் நடந்த ஆய்வு இன்றுவரை சொற்பம்.